ஒரே புஞ்சையில் கல்லும் ஓடும்: மதுரைச் சமவெளியின் தீராத கேள்வி

மதுரையைச் சுற்றியுள்ள மேட்டுப் புஞ்சைகளில், கோடை உழவு முடிந்து முதல் மழையும் பெய்து ஓய்ந்த பிறகு நடந்தால், இரண்டு வகைச் சிதறல்கள் கண்ணில் படுவதுண்டு. ஒன்று, ஊரில் வெங்கச்சங்கல் என்று சொல்லப்படும் வெள்ளைக் குவார்ட்ஸின் சில்லுகள். சில விரல்நகத்தைவிடச் சிறியவை. ஓரம் மட்டும் சவரக் கத்தி போலிருக்கும். மற்றது, உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடு. பிள்ளைகள் பாண்டியாடப் பொறுக்கும் ஓட்டாஞ்சில்லும், ஆய்வாளர் பையில் போட்டு எண் எழுதும் ஓடும் பல இடங்களில் ஒன்றேதான்.

கல்லைச் செதுக்கியவரும் பானையைச் சுட்டவரும் ஒரே காலத்தவரா? முன்னவர் போனபின் பின்னவர் வந்தாரா? இருவரும் ஒரே வானத்தின் கீழ், காட்டோரத்திலும் ஆற்றோரத்திலுமாகப் பிரிந்து வாழ்ந்தாரா? அல்லது இவை எதுவுமில்லாமல், ஏர்முனையும் வெள்ளமும் சேர்த்துவைத்த கலவையைத்தான் நாம் வரலாறாக வாசிக்கிறோமா? இந்தக் கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டாகப் பதில்கள் வந்தபடி இருக்கின்றன. வடக்கே சிறுமலை, தெற்கே வைகை என்று இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் வாடிப்பட்டி வட்டாரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பதில்களைப் பார்ப்பது பயன்தரும். மலையடிவாரம், மேட்டுப் புஞ்சை, கண்மாய்ப் பாசனம், ஆற்று வண்டல் நான்கும் ஒரு நாள் நடைக்குள் அமைந்த நிலம் இது. எந்தப் பதிலாக இருந்தாலும் இங்கே சோதித்துப் பார்க்கலாம்.

ஃபூட் விட்டுச்சென்ற இடைவெளி

1863 மே 30 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு பழைய கற்காலக் கருவியை அடையாளம் கண்டார். அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தார்கள். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நில அமைப்பைப் பற்றி ஃபூட் எழுதிய நூல் 1883-இல் வந்தது. அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த கற்களும் ஓடுகளும் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்குப் போயின. அவற்றின் பட்டியலும் குறிப்புகளும் அவர் மறைவுக்குப்பின் 1914, 1916 ஆண்டுகளில் அச்சேறின.

ஃபூட் வைத்த கருத்து எளிமையானது. பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தது. முன்னவர் மறைந்து நெடுங்காலம் கழித்தே பின்னவர் வந்தனர். சரளையிலும் செம்பாறாங்கல்லிலும் பதிந்த கனத்த கருவிகளையும், மேல்மண்ணில் கிடைத்த மெருகேற்றிய கோடரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த புவியியலாளருக்கு அந்த முடிவு இயல்பாகவே வந்திருக்கும். ஜான் லப்பக் 1865-இல் பழைய, புதிய என்று கற்காலத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருந்ததும் கைகொடுத்தது.

இதன் பலவீனம் இன்று வெளிப்படை. நடுவில் வரவேண்டிய நுண்கற்கருவிகளுக்குத் தனிக் காலம் அன்று இன்னும் வகுக்கப்படவில்லை. கேமியேடு, பர்கிட் என்னும் ஆய்வாளர்கள் 1930-இல் தென்னிந்தியக் கற்கருவிகளை நான்கு வரிசையாகப் பிரித்தபோதுதான் நுண்கற்கருவிகள் கடைசி வரிசையாக இடம்பிடித்தன. ஆனாலும் ‘முதலில் கல், பிறகு பானை’ என்னும் படிக்கட்டு வரிசை ஃபூட்டோடு போய்விடவில்லை. ஊர்தோறும் நடக்கும் மேற்பரப்புச் சேகரிப்புக் குறிப்புகளில் இன்றும் அது உயிரோடிருக்கிறது: கல் கிடைத்தால் ‘கற்காலம்’, ஓடு கிடைத்தால் ‘இரும்புக்காலம்’, இரண்டும் கிடைத்தால் ‘தொடர்ச்சியான மக்கள் வாழ்விடம்’. அந்த மூன்றாவது முடிவுதான் அவசரமானது.

காவிரிக்குத் தெற்கே பழைய கற்காலம் இல்லை என்ற கருத்தும் நெடுங்காலம் நிலவியது. நல்ல குவார்ட்சைட் கூழாங்கல் தெற்கே அரிது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு என்ற கணக்கும், 2018-இல் வெளியிட்ட 3,85,000 ஆண்டு என்ற கணக்கும் கொசஸ்தலையாற்றுப் படுகைக்கு உரியவை. செய்தித்தாள் ஆர்வத்தில் அந்த எண்களை வைகைக்கு இழுத்துவருவது சரியாகாது. மதுரைப் புஞ்சைகளின் கேள்வி பெரும்பாலும் நுண்கற்கருவிகளைப் பற்றியதே.

தேரி மணலும் நுண்கல்லின் வயதும்

நுண்கற்கருவிக்கு வயது சொல்லும் முதல் முறையான முயற்சி தெற்கே தேரிக்காட்டில் நடந்தது. சாயர்புரம் பக்கத்துச் செம்மணல் மேடுகளில் கிடைத்த கருவிகளை ஆராய்ந்து, ஃபிரெடெரிக் சோய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழைய கடல்மட்ட உயர்வோடு மணல்மேடுகளைப் பொருத்தி, கருவிகளுக்கு ஏறத்தாழ கி.மு. 4000 என்ற காலத்தை அவர்கள் முன்வைத்தார்கள். பல பாடநூல்களில் தமிழகத்து நுண்கற்காலத்தின் வயது இதுவாகவே நின்றுவிட்டது. பின்னாளில் மணலையே ஒளித்தூண்டல் முறையில் அளந்தவர்கள், தேரி மணல் ஒரே வேளையில் படியவில்லை, பல ஆயிரம் ஆண்டுகளில் விட்டுவிட்டுப் படிந்தது என்று காட்டினார்கள். மேட்டின் வயது வேறு, மேட்டில் உட்கார்ந்து கல் செதுக்கியவரின் வயது வேறு என்னும் சிக்கலையும் அது கூடவே கொண்டுவந்தது.

தேரியை விட்டு வெளியே வந்தால் எல்லை இன்னும் விரிகிறது. ஆந்திரத்து ஜ்வாலாபுரத்தில் நுண்கற்கருவிகள் ஏறத்தாழ 35,000 ஆண்டுகளுக்கு முந்தைய படிவுகளில் கிடைத்தன. இலங்கையின் ஃபா ஹியன் குகையில் 48,000 ஆண்டுகளுக்கு முன்பே குவார்ட்ஸ் நுண்கருவிகள் இருந்ததாக 2019-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இந்த நீட்டத்தின் மறுமுனையில், விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டையில் 2022 முதல் நடந்த அகழாய்வில், சங்கு வளையலும் மணியும் செய்த வரலாற்றுக் காலக் குடியிருப்பு மேட்டிலேயே நுண்கற்கருவிகள் வெளிவந்தன.

நாற்பதாயிரம் ஆண்டுக்கு மேல் ஓடிய ஒரு தொழில்நுட்பம் இது. அதன் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, வடிவத்தை மட்டும் பார்த்துக் காலம் சொல்வது, பித்தளைச் செம்பைப் பார்த்து வீடு கட்டிய ஆண்டைச் சொல்வது போன்றதுதான்.

வெங்கச்சங்கல் ஏன் ஏமாற்றும்

மதுரை வட்டாரத்தின் அடிப்பாறை நைஸ், சார்னோகைட் வகை. அதனுள் நரம்பு நரம்பாக வெள்ளைக் குவார்ட்ஸ் ஓடுகிறது. பாறை கரைந்து மண்ணாகும்போது குவார்ட்ஸ் மட்டும் கரையாமல் மேலே தங்கிவிடுகிறது. ஆகவே இங்கே கருவிக்கான மூலப்பொருள் தேடி எவரும் தொலைதூரம் போகவேண்டியதில்லை. ஆய்வாளருக்கு வரும் தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது. எங்கும் கிடைக்கும் கல் எங்கும் உடையவும் செய்யும்.

செர்ட், ஜாஸ்பர் போன்ற நுண்மணிக் கற்களைத் தட்டினால் சிப்பியின் உட்புறம் போல வளைந்த முறிவு வரும். அடி விழுந்த இடத்தில் சிறு புடைப்பு நிற்கும். மனிதக் கை பட்டதென்று சொல்ல அந்த அடையாளங்கள் போதும். நரம்புக் குவார்ட்ஸ் அப்படியில்லை. உள்ளே ஏற்கெனவே விரிசல்கள் இருப்பதால் அது தன் விருப்பப்படி நொறுங்கும். போதாக்குறைக்கு, சிறு கூழாங்கல்லை அடைகல்லின்மேல் வைத்து மேலிருந்து தட்டி உடைக்கும் முறையே குவார்ட்ஸுக்குப் பெரிதும் பயன்பட்டது. அதில் வரும் சில்லுகளுக்கும் இயற்கையாக நொறுங்கிய துண்டுகளுக்கும் வேற்றுமை காண்பது பழகிய கண்ணுக்கும் கடினம். காட்டுத் தீ, வெயில், மாட்டு வண்டிச் சக்கரம், சாலைக்கும் ரயில் பாதைக்கும் ஜல்லி உடைத்த சுத்தியல் எல்லாமே கூரிய ஓரத்தை உண்டாக்கும். கொடுமணலில் கண்டதுபோல மணி செய்யும் பட்டறை இருந்திருந்தால், அதன் குவார்ட்ஸ் கழிவும் கற்காலச் சில்லாக வேடம் போடும்.

இந்த ஐயத்தை எதிர்கொள்ளச் சில நடைமுறைகள் உண்டு. தனிக் கல்லைப் பார்ப்பதை விட்டுத் தொகுதியைப் பார்ப்பது முதலாவது. சில்லு எடுத்து முடித்த மூலக்கல், நீண்ட அலகு, பிறைவடிவக் கருவி, சுரண்டி, துளைப்பான் இவற்றோடு பயனற்ற கழிவுச் சில்லுகளும் ஓரிடத்தில் சேர்ந்து கிடந்தால், அங்கே யாரோ உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவதும், ஓரத்தில் வரிசையாக நுண்செதுக்கு இருப்பதும் வலுவூட்டும். அந்த நிலத்தில் இயல்பாகக் கிடைக்காத செர்ட் இரண்டு துண்டு கலந்திருந்தால் இன்னும் நல்லது.

சேகரிப்புகளில் பெரும்பாலும் இல்லாமல் போவது அந்தக் கழிவுதான். ஆர்வலர்கள் அழகான பிறையையும் நல்ல அலகையும் எடுத்துக்கொள்கிறார்கள். மீதியைப் புஞ்சையிலேயே விடுகிறார்கள். ஒரு பட்டறையின் கழிவை எறிந்துவிட்டுப் பொருளை மட்டும் கொண்டுவந்தால், பட்டறை எங்கே இருந்தது என்பதே தெரியாது. மதுரைப் பகுதிச் சேகரிப்புகள் பலவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாமல் போவதற்கு முதற்காரணம் இதுவே என்று நினைக்கத் தோன்றுகிறது.

ஓடு சொல்வதும் சொல்லாததும்

ஓடு கல்லைவிட நேர்மையான சாட்சி என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பாதி உண்மை. பானை ஓடு மனிதர் செய்தது என்பதில் ஐயமில்லை. எப்போது செய்தது என்பதில்தான் ஐயம்.

கருப்பு-சிவப்புக் கலத்தின் இரு நிறமும் பூச்சால் வந்தவை அல்ல, சூளையில் வந்தவை. பானையைக் கவிழ்த்து அடுக்கி, உட்புறத்தில் வைக்கோல் போன்ற எரிபொருளின் புகை தங்கும்படி சுட்டால், காற்றுப் படாத உட்புறமும் விளிம்பும் கருக்கும். காற்றுப் பட்ட வெளிப்புறத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும் என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். இருமுறை சுட்டார்கள் என்பாரும் உண்டு. எந்த முறையானாலும், இந்தத் தொழில்நுட்பம் தமிழகத்தில் இரும்புக்காலம் முழுக்கவும், அதன்பின் கி.பி. முதல் நூற்றாண்டுகள் வரையிலும் தொடர்ந்தது. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டு கி.மு. 580 என்ற காலத்தைக் காட்டியதாக 2019 செப்டம்பரில் மாநிலத் தொல்லியல் துறை அறிவித்தது. கீழடி மேட்டின் பெரும்பகுதி உயரத்துக்கும் கருப்பு-சிவப்பு ஓடு கிடைக்கிறது. எனவே வாடிப்பட்டிப் பக்கம் ஒரு புஞ்சையில் எடுத்த கருப்பு-சிவப்பு ஓடு ஒன்றை மட்டும் வைத்துக் காலம் சொன்னால், ஆயிரம் ஆண்டுக்குக் குறையாத தவறு வாய்ப்போடுதான் சொல்லவேண்டும்.

அலங்காரமில்லாத செந்நிற ஓடு இன்னும் மோசம். வைகைக் கரையில் மானாமதுரைச் சூளைகள் இன்றைக்கும் எரிகின்றன. நாயக்கர் காலத்து அடுப்புப் பானைக்கும் நேற்றைய பானைக்கும் உடம்புத்துண்டை வைத்து வேறுபாடு சொல்வது அரிது. விளிம்பு கிடைத்தால் வடிவத்தைக் கணிக்கலாம்; கீறல் குறியீடு, தமிழி எழுத்து, உருளைப் பதிவுள்ள வெளிநாட்டுத் தொடர்புக் கலம், செங்காவி பூசி வெண்கோடு தீட்டிய கலம் என ஏதாவது சேர்ந்து கிடைத்தால் காலம் குறுகும். மண்ணை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்த்தால், வைகை வண்டலால் செய்ததா மலையடிவாரத்து மண்ணால் செய்ததா என்றுகூடச் சொல்ல முடியும். மேற்பரப்பு ஓடுகளுக்கு இந்தச் சோதனை அபூர்வமாகவே செய்யப்படுகிறது.

தடித்த ஓடு தனிச் செய்தி. இரண்டு விரற்கடை கனமான துண்டுகள் வட்டமாகச் சுற்றி நின்றால், அங்கே தாழி புதைந்திருக்கக்கூடும். மதுரையிலிருந்து வாடிப்பட்டிக்குப் போகும் வழியிலுள்ள பரவையிலும், நகருக்குள்ளே வந்துவிட்ட அனுப்பானடியிலும் ஈமத்தாழிகளை அலெக்சாண்டர் ரீ 1880-களிலேயே பதிவு செய்தார். ஆதிச்சநல்லூர் அகழாய்வால் அவர் பெயர் நிலைப்பதற்கு முந்தைய வேலை அது. பரவையை இன்று பேருந்தில் கடப்பவருக்கு அங்கே காய்கறிச் சந்தைதான் தெரியும்.

கலம் கொண்டு வந்தவர் யார்

அடுத்த பதில் ‘வந்தேறினார்கள்’ என்பது. மார்ட்டிமர் வீலர் 1947-இல் கர்நாடகத்து பிரம்மகிரியை அகழ்ந்து, கற்கோடரிப் பண்பாடு, பெருங்கற்படைப் பண்பாடு, ஆந்திரப் பண்பாடு என்று மூன்றடுக்கு வரிசை தந்தார். பெருங்கற்படையின் தொடக்கத்தைக் கி.மு. 200 ஒட்டியே வைத்தார். அதன் தொடர்ச்சியாக, இரும்பையும் கருப்பு-சிவப்புக் கலத்தையும் திராவிட மொழி பேசியோர் வெளியிலிருந்து கி.மு. முதல் ஆயிரமாண்டின் நடுவில் கொண்டுவந்தனர் என்று கிறிஸ்டோஃப் வான் ஃப்யூரர்-ஹைமண்டார்ஃப் 1950-களில் வாதிட்டார். இந்தப் பார்வையில் புஞ்சைக் கல் பூர்வகுடியின் மிச்சம், ஓடு வந்தவரின் அடையாளம். இரண்டும் சேர்ந்து கிடப்பது ஒரு வெற்றியின் தடயம்.

பானையையும் மொழியையும் ஒரே மூட்டையில் கட்டியது இதன் அடிப்படைக் குறை. கருப்பு-சிவப்புக் கலம் குஜராத்திலிருந்து கங்கைச் சமவெளி வரை பல பண்பாடுகளில் உண்டு. அவர்கள் எல்லோரும் ஒரே மொழியினர் என்று யாரும் சொல்வதில்லை. காலக்கணக்கும் கைவிட்டுப் போய்விட்டது. மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரி 23 அன்று வெளியான கா. ராஜன், ர. சிவானந்தம் ஆகியோரின் அறிக்கை, சிவகளையில் கி.மு. 3345 வரை அதைப் பின்னுக்குத் தள்ளியது. இவ்வளவு பழைய எண்களை மேலும் பல இடங்களின் தரவுகளோடு ஒத்துப்பார்க்க வேண்டும் என்று சொல்வோரும் உள்ளனர். அந்த எச்சரிக்கை நியாயமானதே. அந்த எண்களில் பாதியை ஒதுக்கிவைத்தாலும்கூட, வீலரின் கி.மு. 200 திரும்பி வராது.

புதிய காலக்கணக்கு இன்னொரு வேடிக்கையையும் செய்கிறது. இரும்பு இவ்வளவு முன்னால் போனால், தெற்கே புதிய கற்காலத்துக்கு இடம் எங்கே? வடதமிழகத்தில் சிக்கல் குறைவு. 1960-களில் அகழப்பட்ட பையம்பள்ளியில் மெருகேற்றிய கோடரியும் அதன்மேல் இரும்புக்கால அடுக்கும் தெளிவாக இருக்கின்றன. மதுரைப் பக்கத்தில் அப்படி ஒரு தெளிவான அடுக்கு வரிசையைக் காட்டுவது கடினம். 1976-இல் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்த தே. கல்லுப்பட்டி இத்தொடர்பில் அடிக்கடி சுட்டப்படும் இடம். ஆனால் ஓரிடத்தை வைத்து ஒரு சமவெளிக்குக் காலவரிசை எழுத முடியாது. நுண்கல்லிலிருந்து நேரே இரும்புக்குத் தாவினார்களா என்ற கேள்வி, இந்தப் பகுதிக்கு இன்னும் கேள்வியாகவே நிற்கிறது.

அருகருகே வாழ்ந்தார்கள் என்னும் பதில்

மதுரைக்கென்றே எழுதப்பட்ட பதில் வீ. செல்வகுமாருடையது. மேல் குண்டாற்றுப் படுகையின் தொல்பழங்காலத்தைப் பற்றிப் புணே டெக்கான் கல்லூரியில் 1996-இல் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்தவர் அவர். வைகைக்குத் தெற்கே, உசிலம்பட்டி, திருமங்கலம், தே. கல்லுப்பட்டிப் பக்கத்து நிலம் அது. அந்தக் களப்பணியின் மேல் நின்று 2002-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, மதுரைப் பகுதியில் வேட்டை-சேகரிப்பு வாழ்க்கையை இன்றைக்கு 10,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து கி.பி. 500 வரை ஒரே நீட்சியாகப் பார்க்கிறது. உழவரும் கால்நடை வளர்த்தோரும் ஆற்றோரத்திலும் கண்மாயோரத்திலும் ஊர் கட்டிய பிறகும், மேட்டிலும் மலையடியிலும் நுண்கல் பயன்படுத்தியவர்கள் தொடர்ந்தார்கள். இரு தரப்பும் பண்டமாற்றிலும் உறவிலும் இருந்தன என்பது அதன் சாரம்.

இது படிக்கட்டை உடைக்கிறது. கல்லும் ஓடும் சேர்ந்து கிடப்பதற்கு வெற்றியும் வேண்டாம், இடைவெளியும் வேண்டாம். தேனும் மான்தோலும் கொடுத்து நெல்லும் பானையும் வாங்கிய ஒரு சந்திப்பு போதும். கா. சிவத்தம்பி 1974-இல் சங்க இலக்கியத்தின் திணைக் கோட்பாட்டைச் சமனற்ற வளர்ச்சியின் பதிவாக வாசித்தது இதற்குத் துணை நிற்கிறது: குறிஞ்சியும் முல்லையும் மருதமும் அடுத்தடுத்த காலங்கள் அல்ல, ஒரே காலத்தின் வேறுவேறு பொருளாதாரங்கள். வாடிப்பட்டி வட்டாரத்தில் இந்த மூன்று நிலமும் பார்வைக்கு எட்டும் தூரத்தில் அடுக்கியிருப்பதால், கருத்து கவர்ச்சியாகவும் இருக்கிறது.

அந்தக் கவர்ச்சியையே கொஞ்சம் சந்தேகிக்கவேண்டும். இலக்கியத்தில் திணைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்பதற்காக, புஞ்சைச் சில்லைக் குறிஞ்சிக்காரர் போட்டதென்று எழுதிவிட்டு, பிறகு அந்தச் சில்லைக் காட்டித் திணை உண்மை என்று நிறுவினால், அது வட்டத்தில் சுற்றுவது. சிறுமலையிலும் பழனி மலையிலும் வாழும் பளியர்களை ஒப்புமையாகக் காட்டுவதிலும் இதே ஆபத்து உண்டு. அவர்களிடையே நெடுங்காலம் களப்பணி செய்த பீட்டர் கார்ட்னர், காட்டு வாழ்வுக்கும் ஊரோர வாழ்வுக்கும் இடையே அவர்கள் போய்வந்துகொண்டிருப்பதை 1985-இல் விளக்கினார். மிகப் பயனுள்ள கவனிப்பு. ஆனால் இன்றைய பளியர் எவரும் நுண்கற்காலத்தின் எச்சம் அல்லர். அவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே நீண்ட வரலாறு உண்டு. கலகாரியின் சான் மக்களைப் பற்றி மானிடவியலாளர்கள் ரிச்சர்ட் லீக்கும் எட்வின் வில்ம்சனுக்கும் நடந்த சண்டையே இதுதான்: அவர்கள் தொன்றுதொட்ட வேட்டைக்காரரா, அக்கம்பக்கத்து ஆயரின் பொருளாதாரத்தில் விளிம்புக்குத் தள்ளப்பட்டவரா? அந்தச் சண்டை தீராதபோது, மதுரையில் மட்டும் ஒப்புமை தீர்ப்பு வழங்கிவிடாது.

சான்று நிலையிலும் ஒரு சந்து இருக்கிறது. உடன்வாழ்வு என்னும் முடிவு பெருமளவு மேற்பரப்பு ஆய்வின் மீது நிற்கிறது. ஒரே இடத்தில் கிடைத்தன என்பதும் ஒரே காலத்தில் போடப்பட்டன என்பதும் வேறு. செல்வகுமாரின் பதிலே இருப்பவற்றில் வலுவானது என்பது இக்கட்டுரையின் கருத்து. ஆனால் அது நிறுவப்பட்டுவிட்டது என்று சொல்லும் நிலை இன்னும் வரவில்லை.

கரம்பை, கால்வாய், டிராக்டர்

எல்லாப் பதில்களுக்கும் அடியில் குழி பறிக்கும் ஒரு கூட்டமும் உண்டு. புஞ்சையில் கிடப்பது எதுவும் தன் இடத்தில் இல்லை என்பது அவர்கள் வாதம். வாடிப்பட்டி வட்டாரத்தில் அவர்களுக்குத் தோதான சான்றுகள் ஏராளம்.

1895-இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்து, பேரணையிலிருந்து கால்வாய் வெட்டப்பட்ட பின், வாடிப்பட்டி, அலங்காநல்லூர், மேலூர்ப் பக்கத்து மேடுபள்ளங்கள் நன்செயாகத் திருத்தப்பட்டன. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டுத்தான் வயல் சமமாகிறது. வெட்டிய மேட்டோடு அதில் புதைந்திருந்தவையும் இடம் மாறின. இன்னொன்று கரம்பை. கோடையில் கண்மாய் வற்றியதும் வண்டலை வெட்டி வண்டியிலும் டிராக்டரிலும் ஏற்றிப் புஞ்சைக்கு அடிப்பது இந்த மாவட்டத்தின் பழைய வழக்கம். 2017-இல் வண்டலை இலவசமாக எடுக்க அரசு அனுமதித்த பிறகு அது பெருகியது. கண்மாய்க்குள் எங்கிருந்தோ அடித்துவரப்பட்ட ஓடு, கரம்பையோடு சேர்ந்து மைல் கணக்கில் பயணம் செய்து, ஒரு நுண்கல் பட்டறையின் மேலேயே போய் உட்காரலாம். பின்னாளில் வருபவர் குறிப்பேட்டில் ‘இரண்டும் சேர்ந்து கிடைத்தன’ என்று எழுதுவார். எழுதியது பொய்யில்லை.

இடம் தெரியாத பொருள் எவ்வளவு வம்பை வளர்க்கும் என்பதற்கு, மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூரில் ஒரு பள்ளி ஆசிரியர் குழி தோண்டும்போது கிடைத்து, 2006-இல் பெரும் பரபரப்பான கற்கோடரி நல்ல எடுத்துக்காட்டு. அதிலிருந்த கீறல்களைச் சிந்துவெளி எழுத்து என்று ஐராவதம் மகாதேவன் படித்தார். எழுத்தே அல்ல என்றவர்களும் இருந்தனர். கோடரி எந்த அடுக்கில், எதனோடு கிடந்தது என்பது தெரிந்திருந்தால் விவாதம் வேறு தளத்துக்குப் போயிருக்கும்.

ஆனால் ‘எல்லாம் கலவை’ என்று கைகழுவுவதும் ஒரு சோம்பல். இத்தாலியின் கலாப்ரியாவில் ஆல்பர்ட் அம்மர்மன் அடையாளமிட்ட ஓட்டு வில்லைகளை நிலத்தில் இட்டு, ஆண்டாண்டாக உழவுக்குப்பின் எண்ணிப் பார்த்தார். மேலே தெரிவது புதைந்ததில் சிறு பங்குதான், அதுவும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆனால் பொருள்கள் கிடக்கும் வட்டாரம் முழுக்க அழிந்துவிடுவதில்லை என்று அவர் கண்டது ஐயவாதிகளுக்கும் ஆர்வலர்களுக்கும் ஒருசேரப் பாடம். நமக்குக் கிட்டத்தில் இன்னும் பெரிய சான்று கீழடி. வைகையின் தோற்றுவாய் முதல் முகத்துவாரம் வரை இந்தியத் தொல்லியல் துறை 2013-14இல் நடத்திய மேற்பரப்பு ஆய்வில் 293 இடங்கள் பட்டியலாயின. கீழடியின் தென்னந்தோப்பு மேடு அவற்றில் ஒன்று; 2014-15இல் கே. அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் அங்கே முதற்குழி விழுந்தது. தரையில் கிடந்த ஓடு பொய் சொல்லியிருந்தால் அந்த மேடு இன்றும் வெறும் தோப்பாகத்தான் இருந்திருக்கும்.

பொறுக்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 1997 முதல், உழவு நிலத்தில் தற்செயலாகக் கிடைத்ததைக் கொண்டுவந்து காட்டி, இடத்தோடு பதிவு செய்துவிட்டு, பல வேளைகளில் திரும்ப எடுத்துப்போகும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. நம் சட்டச் சூழல் வேறு. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் சட்டகத்தில் அதை அப்படியே இறக்க முடியாது. கிடந்த இடத்திலேயே ஒளிப்படம், கைபேசியில் இடக்குறிப்பு, சர்வே எண் மூன்றையும் பதிந்துவிட்டு, பொருளைத் தொடாமல் துறைக்குச் சொல்வது மட்டும் எவராலும் முடியும். அலமாரியில் ஏறிய கல்லைவிட அந்தக் குறிப்புக்கே ஆய்வு மதிப்பு அதிகம்.

இன்று நிற்கும் இடம்

நிலம் சார்ந்து பிரித்துப் பார்த்தால் குழப்பம் கொஞ்சம் தெளிகிறது. கால்வாய்க்குக் கீழுள்ள நன்செயில் கல்லும் ஓடும் சேர்ந்து கிடைத்தால் அதற்குக் காலப் பொருள் கொடுக்காமல் இருப்பதே நல்லது. கால்வாய் ஏறாத, கரம்பை அடிக்காத, சிறுமலை அடிவாரத்துச் சரளைப் புஞ்சையில் குவார்ட்ஸ் மட்டும் கழிவோடு கிடைத்தால் அது தனிப் பட்டறையாக இருக்க வாய்ப்பு அதிகம். காலம் மட்டும் தெரியாது. இரண்டும் சேர்ந்தே கிடைக்கும் அடிவாரப் புஞ்சைகளே உடன்வாழ்வுக் கருத்தின் உண்மையான சோதனைக்களம். அங்கே பத்து மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, எதையும் விடாமல் எண்ணினால், ஓடு அடர்ந்த கட்டத்தில் கல்லும் அடர்கிறதா, விலகி நிற்கிறதா என்று பார்க்கலாம். செலவு அதிகமில்லை, பொறுமைதான் வேண்டும்.

அதற்கு மேல் போகவேண்டுமானால் மூடிய அடுக்கு வேண்டும். மதுரையைச் சுற்றி அது இருக்கக்கூடிய இடங்கள் கைவிரலில் எண்ணி முடிக்கக்கூடியவை அல்ல. வாடிப்பட்டிக்கு மேற்கே மேட்டுப்பட்டியின் சித்தர்மலையிலும், ஆற்றுக்குத் தெற்கே விக்கிரமங்கலத்திலும் கொங்கர்புளியங்குளத்திலும், கிழக்கே அழகர்மலையிலும் தமிழிக் கல்வெட்டும் கற்படுக்கையும் உள்ள குகைத்தளங்கள் நிற்கின்றன. கிடாரிப்பட்டியிலும் கருங்காலக்குடியிலும் பாறை ஓவியங்களும் உண்டு. கல்வெட்டு ஆய்வாளர் இவற்றின் கூரையைப் படித்தார்கள், ஓவிய ஆய்வாளர் சுவரைப் படித்தார்கள். தளத்தின் பாறைத் தரையில் படுக்கை வெட்டியவர்கள் அங்கிருந்த பழைய மண்ணைக் கூட்டி எங்கே தள்ளியிருப்பார்கள்? வாயிலுக்கு வெளியே, சரிவில்தான். ஏர் ஏறாத, கரம்பை எட்டாத அந்தச் சரிவு மண்ணுக்கடியில், தள்ளிய மண்ணுக்கும் கீழே, படுக்கை வெட்டுவதற்கு முந்தைய தரை ஒன்று சிதையாமல் இருக்கக்கூடும். அதில் குவார்ட்ஸ் சில்லும் கருப்பு-சிவப்பு ஓடும் ஒரே அடுக்கில், ஒரே கரித்துண்டின் பக்கத்தில் வருகிறதா, ஒன்றின் கீழ் ஒன்றாக வருகிறதா என்பதை ஒரு சிறு குழியே காட்டிவிடலாம்.